வாசகர் கேள்வி: தலைப்பில் தானாக வந்து உட்காரும் கீவேர்டு

மண்டபம் வாசகர்: நெத்திலி, வாளை, சீலா, திருக்கை என்று பல வகைக் கருவாட்டை ஆன்லைனில் விற்கிறோம். கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் 40 கீவேர்டுகளுக்கும் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொற்கள்) ஒரே விளம்பரம்தான். தேடுபவரின் சொல்லே தலைப்பில் வரும்படி செய்தோம். சில நேரம் வருகிறது, சில நேரம் வெறும் 'கருவாடு வாங்க' என்று நிற்கிறது. 'கருவாடு விலை வாங்க' என்றும் ஒருமுறை வந்தது. ஏன்?

தலைப்பில் வருவது தேடியவர் தட்டிய சொல் அல்ல. அந்தத் தேடலுக்குப் பொருந்திய உங்கள் கீவேர்டு. கீவேர்டில் எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் அப்படியே தலைப்பேறும்.

தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். தமிழில் இங்கேதான் ஏமாறுகிறோம். 'நெத்திலி' நமக்கு நாலு எழுத்து. புள்ளி, கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனிக் கணக்கு என்பதால் கணினிக்கு அது 8. 'பாம்பன் நெத்திலி கருவாடு' 24. கூட நீங்கள் ஒட்டியிருக்கும் 'வாங்க' இடைவெளியோடு 6. ஆக 30, மயிரிழையில் தப்பியது. 'ராமேஸ்வரம் நெத்திலி கருவாடு வாங்க' 33. இடம் போதாததால், மாற்றுச் சொல்லாக நீங்கள் கொடுத்த 'கருவாடு' வந்து நிற்கிறது. தலைப்புப் பெட்டியில் { தட்டியதும் விரியும் பட்டியலில் கீவேர்டு இன்செர்ஷனை (கீவேர்டைத் தலைப்பில் தானாகச் செருகும் வசதி) தேர்ந்தெடுக்கும்போது கேட்பது இந்த மாற்றுச் சொல்லைத்தான். அது தனியாகப் படித்தாலும் பொருள் தர வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் பெரியது, சிறியது தேர்வும் அங்கேயே இருக்கும். தமிழுக்கு அது தேவையில்லை.

'விலை வாங்க' கோளாறுக்கு ஒரே மருந்து, ஆட் குரூப்பை, அதாவது ஒரே விளம்பரத்தைப் பகிரும் கீவேர்டுத் தொகுப்பை, பிரிப்பது. மீன் பெயரில் முடியும் கீவேர்டுகள் ஒரு குரூப், அதன் தலைப்பில் 'வாங்க'. 'விலை' என்று முடிபவை இன்னொன்று, அதில் ஒட்டுச் சொல்லே வேண்டாம். 'கருவாட்டை', 'கருவாட்டுக்கு' போன்ற வேற்றுமை ஏறிய கீவேர்டுகளை இன்செர்ஷன் உள்ள குரூப்பில் சேர்க்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் ஏராளம். அவர்களுக்கான கீவேர்டுகளும் தனி குரூப். இல்லையென்றால் பாதி ஆங்கிலம், பாதி தமிழாகத் தலைப்பு பல்லிளிக்கும். ஒற்று மட்டும் போகட்டும்: 'நெத்திலிக் கருவாடு' என்று இலக்கணம் பார்த்துத் தேடுபவர் அரிது.

15 தலைப்புகள் வைக்கலாம். ஒன்றிரண்டில் மட்டும் இன்செர்ஷன் போதும். மிச்சத்தில் எடை, அனுப்பும் நாள், மணல் இல்லாமல் காயவைத்த விவரம் என்று எழுதுங்கள். குழம்பு, தொக்கு, செய்முறை ஆகியவற்றை நெகட்டிவ் கீவேர்டாக (அந்தச் சொல் உள்ள தேடலுக்கு விளம்பரம் வராமல் தடுப்பது) தமிழ், ஆங்கிலம் என இரண்டு எழுத்திலும் போடாவிட்டால், சமையல் குறிப்பு தேடுபவரின் கிளிக்குக்கும் காசு போகும்.

பாம்பன் வாசகி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விளம்பரத்தை நிறுத்திவிடலாமா?

முழுதாக வேண்டாம். இருப்பு தீர்ந்த வகையின் கீவேர்டை மட்டும் நிறுத்துங்கள். இல்லையென்றால் கையில் இல்லாத சீலாவைத் தலைப்பு கூவி விற்கும். நிறுத்தினாலும் 'கருவாடு' என்ற பொதுக் கீவேர்டு வழியாகச் சீலா தேடுபவர் உள்ளே வருவார். எனவே அந்த 61 நாளும் 'சீலா' நெகட்டிவில் இருக்கட்டும். சரக்கு வந்ததும் எடுக்க மறந்துவிடாதீர்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: எங்கள் தங்கும் விடுதிக்கு, பக்கத்து விடுதியின் பெயரைக் கீவேர்டாக வைக்கலாமா?

இன்செர்ஷன் உள்ள குரூப்பில் கூடாது. அவர் பெயர் உங்கள் தலைப்பில் ஏறும். அது பதிவு பெற்ற வணிகக்குறி என்றால் புகார் வந்து விளம்பரம் முடங்கலாம்.