பழைய ஹேட்ச்பேக்கின் வயரிங்கும் கியர்பாக்ஸும்: சில கேள்விகள், என் பதில்கள்

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. பழைய ஹேட்ச்பேக் இரண்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, வயரிங்கையும் கியர்பாக்ஸையும் என் கையாலேயே சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதில்களைச் சொல்கிறேன். எல்லாமே முன்சக்கரம் இழுக்கிற, கையால் கியர் போடுகிற, 12 வோல்ட் கார்களைப் பற்றியவை.

கேள்வி: பல வருடமாக ஓடாமல் நின்ற கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். வயரிங்கும் மோசம், கியரும் மோசம். எதில் கை வைப்பது?

வயரிங்கில். கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் வண்டி ஓடாது, அவ்வளவுதான். வயரிங் கெட்டிருந்தால் வண்டி எரிந்துபோகும். இன்னொரு காரணமும் உண்டு: இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க முடியும்.

பேட்டரியை நேராக மாட்டிவிடாதீர்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் வண்டியின் பாசிட்டிவ் கேபிளுக்கும் நடுவில் வைத்து இணையுங்கள். எல்லா சுவிட்சையும் அணைத்து, கதவுகளைச் சாத்திவிடுங்கள். பல்பு எரியாவிட்டால், அல்லது கடிகாரத்துக்காக லேசாக மினுங்கினால், பயமில்லை. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஷார்ட் இருந்தாலும் அந்தப் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் ஓட விடாது, அதனால் எந்த வயரும் கருகாது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். பல்பு எந்த ஃபியூஸைக் கழற்றும்போது அணைகிறதோ, ஷார்ட் அந்தச் சுற்றில்தான்.

கேள்வி: வயர்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது அண்ணா. மொத்த ஹார்னஸையும், அதாவது வண்டி முழுக்க ஓடும் வயர்க் கட்டையும், உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்துவிடவா?

வேண்டாம் தம்பி. புதியவர்கள் தோற்றுப்போகிற இடமே அதுதான். உருவியெடுத்த பிறகு எந்த வயர் எங்கே போனது என்று தெரியாமல் காரைப் பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் செம்பு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. கெடுவது முனைகள்: லக் (வயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை), கனெக்டர், ஃபியூஸ் பிடி, எர்த் போல்ட் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப, வயரை வண்டியின் உடலோடு இணைக்கும் போல்ட்). அதனால் முதல் வேலை கனெக்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்வது. பச்சை பூத்திருந்தால், உள்ளே பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிப் பின்னால் போங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஓடுகிற வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை நொறுங்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றுங்கள்.

ஹேட்ச்பேக்குக்கு என்றே ஒரு பலவீனமான இடம் இருக்கிறது: பின்கதவின் கீல். கதவைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் அங்குள்ள ரப்பர் குழாய்க்குள் வயர்கள் மடங்குகின்றன. பின்பக்க வைப்பர், நம்பர் பிளேட் லைட், கண்ணாடிப் பனி நீக்கி மூன்றும் ஒன்றாகக் கெட்டால் முதலில் அந்த ரப்பரை நகர்த்திப் பாருங்கள். பல மெல்லிய இழைகள் கொண்ட, நன்றாக வளைகிற வயரையே அங்கே போட வேண்டும். இணைப்புகள் மடங்கும் இடத்தில் வரக்கூடாது. இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று முன்பின்னாக வையுங்கள்.

கேள்வி: பேட்டரி புதுசு, பல்பு புதுசு. ஆனாலும் ஹெட்லைட் மஞ்சளாகத்தான் எரிகிறது.

இன்ஜின் ஓட, லைட் எரிய, மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். முதலில் பேட்டரியில் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். அடுத்து பல்பின் முனையில் அளந்து பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் அந்த 2 வோல்ட் வழியில் எங்கோ சூடாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் சின்ன இழப்பும் கண்ணுக்கு இவ்வளவு தெரிகிறது.

எந்தப் பக்கம் இழப்பு என்று பிரித்துப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையை பல்பின் பாசிட்டிவிலும் வைத்தால் வருவது பாசிட்டிவ் பக்க இழப்பு. அதேபோல பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போக எமரித் தாளால் தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

இழப்பு பாசிட்டிவ் பக்கம் என்றால் ரிலே போடுங்கள். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பல பழைய கார்களில் இரண்டு பல்புக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. 60 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும்: 30 பேட்டரிக்கு, 87 ஹெட்லைட்டுக்கு, 85-உம் 86-உம் சுருளுக்கு. பழைய சுவிட்ச் வயர் சுருளை மட்டும் இயக்கினால் போதும். பேட்டரியிலிருந்து வரும் புது வயருக்கு ஃபியூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், சுவிட்ச் உருகிவிடும்.

கேள்வி: பிரேக் மிதித்தால் பின் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது!

பின்விளக்கின் எர்த் போய்விட்டது. தனக்கு வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாக வெளியேறுகிறது. எர்த்தைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

கேள்வி: பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து மேலே ஏறுகின்றன.

இரண்டு மீட்டர் ஒரே நேரத்தில் பொய் சொன்னால், இரண்டுக்கும் பொதுவானதைச் சந்தேகப்படுங்கள். பழைய கார்கள் பலவற்றில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 10 வோல்ட்டுக்கு. அதன் எர்த் விட்டுப்போனாலும் இப்படித்தான் காட்டும். முதலில் அதைப் பாருங்கள். ஆனால் வெப்ப முள் உண்மையைச் சொல்லவில்லை என்று உறுதியாகும் வரை வண்டியைத் தூரம் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: வயர் இணைப்புக்கு சால்டரிங் நல்லதா, கிரிம்ப் நல்லதா?

காருக்கு கிரிம்ப், அதாவது லக்கை வயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைப்பது. சால்டர் உருகி இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு வயர் முறியும். ஆனால் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. லக்கின் வகைக்கு ஏற்ற கிரிம்பிங் கருவியை வாங்குங்கள். நசுக்கிய பிறகு இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால், இப்போதே வந்தது நல்லது. மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள்.

கேள்வி: மீட்டர் போர்டு பல்பு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினேன். அன்றிலிருந்து ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதில்லை.

ஆல்டர்னேட்டர் கெடவில்லை. பழைய வகைகளில், சார்ஜ் விளக்கின் வழியாக ஓடுகிற சின்ன மின்சாரம்தான் ஆல்டர்னேட்டருக்குள் காந்தத்தை எழுப்புகிறது. எல்இடி அந்த அளவு மின்சாரத்தை விடாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய இழை பல்பையே திரும்பப் போடுங்கள். அந்த பல்பு ஃபியூஸ் ஆனாலும் இதே கோளாறு வரும்.

கேள்வி: இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கர்ர்ரென்று கத்துகிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். நானே பிரிக்கலாமா சார்?

பிரிக்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். கியர்பாக்ஸ் பெட்டிக்கு வெளியே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் கிளட்ச். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் இரண்டு பாகங்களின் வேகத்தையும் உராய்வால் சமமாக்கும் வளைய அமைப்பு) கிடையாது. அதனால் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும். ஐந்து விநாடிக்குப் பிறகும் கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளை அட்ஜஸ்ட் செய்து பாருங்கள், கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிவர்ஸ் அமைதியாக விழுந்தால் அடுத்தது ஆயில். அளவு குறைவா, தவறான ஆயிலா? அதன் பிறகு லிங்கேஜின் (கியர் லிவரைப் பெட்டியோடு இணைக்கும் கம்பிகளின்) புஷ்கள். ஒருவரைக் கியர் லிவரை ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே லிங்கேஜைப் பாருங்கள். லிவர் ஆடியும் பெட்டியின் தண்டு அசையாமல் தாமதித்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மலிவான சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம். அதற்காகப் பெட்டியை இறக்கியவர்கள் உண்டு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, இரண்டாம் கியர் மட்டும், வேகமாக இறக்கும்போது மட்டும் கத்தினால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. அப்போது பிரிக்கலாம்.

கேள்வி: ஜிஎல்-5 ஆயில் ஜிஎல்-4-ஐவிட உயர்ந்ததுதானே? அதையே ஊற்றினால் என்ன?

ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகைக் குறியீடு. எண் பெரியது என்பதால் உயர்ந்தது ஆகாது. ஜிஎல்-5-இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் அதிகம். பின் ஆக்சிலில் உள்ள, பற்கள் அழுத்தமாக வழுக்கி உரசும் ஹைபாய்டு கியருக்காக வந்தவை. பழைய சிங்க்ரோ ரிங்குகள் பெரும்பாலும் பித்தளை வகை. அந்தச் சேர்மங்களில் சில பித்தளையை அரிக்கும். அரிக்காவிட்டாலும், சிங்க்ரோ வேலை செய்ய உராய்வு வேண்டும். வழுக்கல் அதிகமானால் ரிங் பிடிக்காது, கியர் கத்தும்.

உங்கள் வண்டியின் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள். சிலவற்றில் கியர் ஆயிலே கிடையாது. 1959-இல் வந்த மினியிலும், பேஜோ 205-இன் ஆரம்பகாலச் சிறிய இன்ஜின் வண்டிகளிலும் இன்ஜின் ஆயிலேதான் கியர்பாக்ஸையும் நனைக்கிறது.

கேள்வி: மூன்றாம் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் மிதிக்கும்போதும் வருகிறதா? அப்படியானால் முதலில் இன்ஜின் மவுண்ட்களைப் பாருங்கள். ரப்பர் கிழிந்தால் இன்ஜினும் பெட்டியும் சேர்ந்து முன்னும் பின்னும் சாய்ந்து, லிங்கேஜை இழுத்துவிடும். மவுண்ட் நன்றாக இருந்தால், உள்ளே இருக்கும் டிடென்ட் ஸ்பிரிங் (கியரை அதன் இடத்தில் பிடித்துவைப்பது), ஃபோர்க் (கியர் மாற்றத் தள்ளும் கவை), கியரின் பக்கப் பற்கள் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். அதற்குப் பிரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: சரி, பிரிக்க முடிவு செய்துவிட்டேன். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்கவே கூடாது. பெட்டியை இறக்கினால் ஒரு மவுண்ட்டும் கூடவே போகும், அதனால் இன்ஜினை மேலிருந்து தாங்கிப்பிடியுங்கள். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

ஆயிலை வடிக்கும் முன் ஃபில்லர் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு ஃபில்லர் துருவேறித் திறக்காவிட்டால், வண்டி இருந்த இடத்தை விட்டு நகராது. வடிந்த ஆயிலும் பேசும்: வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு, தங்க நிறத் துகள் சிங்க்ரோவுடையது, கையில் எடுக்கிற அளவுக்கு இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது.

சில பெட்டிகளில் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டையும் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) ஒன்றாக உருவினால் டிஃபரென்ஷியலின் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்த் தொகுதி) பக்கக் கியர்கள் உள்ளே சரிந்துவிடும். ஒன்றை உருவியதும் அந்தத் துளையில் பொருத்தமான மரக்கட்டை ஒன்றைச் செருகிவிட்டு மற்றதை உருவுங்கள்.

மூடியைத் திறக்கும்போது டிடென்ட் குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும், துணியால் மூடியபடி திறங்கள். சர்க்கிளிப் (தண்டின் பள்ளத்தில் உட்காரும் ஸ்பிரிங் வளையம்) எடுக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். ரிங் எந்தக் கியருடையதோ அதோடு கட்டிவையுங்கள். ஹப் (சிங்க்ரோவின் நடுப் பாகம்) எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறியிடுங்கள். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) கலக்கவே கூடாது, பேரிங்கின் இறுக்கம் அவற்றில்தான் இருக்கிறது.

ரிங்கை அதன் கூம்பில் விரலால் அழுத்தி, ரிங்கின் பல்லுக்கும் கியரின் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவு கையேட்டில் இருக்கும், 0.5 மில்லிமீட்டர் என்பது பல பெட்டிகளில் எல்லை. அதற்குக் கீழே போனால் ரிங்கை மாற்றுங்கள். பெட்டி திறந்திருக்கும்போதே ஆயில் சீல்கள் எல்லாவற்றையும், சத்தம் தரும் பேரிங்கையும், கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் கருவி வேண்டும். பெட்டியின் எடை தட்டில் தொங்கக்கூடாது. தொங்கினால் தட்டு வளைந்துவிடும். போல்ட்டை முறுக்கி முறுக்கிப் பெட்டியை உள்ளே இழுக்காதீர்கள். கையால் தள்ளியே இன்ஜினோடு ஒட்ட வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். இப்போது செல்ஃப் இழுக்கவே மாட்டேன் என்கிறது. கிளட்ச் கேபிள் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது. பெட்டியில் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

உடனே நிறுத்துங்கள், சாவியை மறுபடி திருப்பாதீர்கள். பெட்டியில் தப்பில்லை. பேட்டரியிலிருந்தோ பாடியிலிருந்தோ வரும் தடித்த எர்த் பட்டை பல கார்களில் கியர்பாக்ஸ் போல்ட்டில்தான் மாட்டப்பட்டிருக்கும். அதை மாட்ட மறந்திருக்கிறீர்கள், அல்லது பெயிண்ட்டின் மேல் மாட்டியிருக்கிறீர்கள். செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் முழுவதும் திரும்பிப் போக வழியில்லாமல் கிளட்ச் கேபிள் வழியாகப் போகிறது.

பட்டையைத் தேடி, இரண்டு முனையையும் தேய்த்து மாட்டுங்கள். பிறகு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கிளட்ச் கேபிளை வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கிளட்ச் விடாமல் இரண்டாம் கியர் மறுபடி கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, நீங்கள் இவ்வளவு பாடுபட்டு மாட்டிய பெட்டியைத் திரும்பவும் இறக்கிவிடாதீர்கள்.