காருக்குள் புகை நாற்றம், இறங்கினால் தீரும் தலைவலி: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: இங்கே வந்து சில மாதங்களில் 12 வருடப் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஃபெடரல் ஹைவே ஜேமில் நிற்கும்போது உள்ளே புகை நாற்றம் வருகிறது. பின்சீட்டில் உட்காரும் மனைவிக்கும் மகளுக்கும் தலை வலிக்கிறது, வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஏர்கோனை உள்சுழற்சியில் வைத்து ஒரு வாசனைப் புட்டியை மாட்டினால் போதும் என்கிறார் விற்றவர். தீபாவளிக்குப் பினாங்கு போக வேண்டும், இப்படியே ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். நாற்றம் மட்டும் என்றால் முன்னால் போகும் லாரியின் புகையாக இருக்கலாம் என்று கொஞ்சம் பொறுக்கலாம். வண்டியில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சரியாகிறது, அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு என்றால், உங்கள் வண்டியின் புகையே உள்ளே வருகிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பழுது பார்த்து, அளந்தும் பார்க்கும் வரை மனைவியையும் மகளையும் அதில் ஏற்றாதீர்கள். வொர்க்‌ஷாப்புக்கு நீங்கள் மட்டும், நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிட்டு ஓட்டிப் போங்கள்.

நாற்றத்தையும் நஞ்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும். புகையில் உள்ள நஞ்சான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கில் ஏறுவது சரியாக எரியாத பெட்ரோலும் புகையில் உள்ள மற்ற வாயுக்களும். மூக்கும் சிறிது நேரத்தில் நாற்றத்துக்குப் பழகிவிடும், வாசனைப் புட்டி மிச்சத்தையும் மறைத்துவிடும். வாயு அப்படியே இருக்கும். அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் உடம்பில் ஏறியதில் பாதி வெளியேற 4 முதல் 5 மணி நேரம் ஆகும். காலையில் பள்ளி, மாலையில் கடை என்று இரண்டு முறை ஏறினால், முதல் முறை ஏறியது முழுதும் இறங்குவதற்குள் அடுத்தது சேர்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ள பெரியவர்கள் ஆகியோரை இது இன்னும் வேகமாகப் பாதிக்கும்.

உள்சுழற்சி பொத்தானைப் பற்றி இங்கே பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸின் புகையை இரண்டு நிமிடம் தடுக்க அது உதவும். உங்கள் வண்டியிலேயே ஓட்டை இருந்தால் கதை வேறு. தளத்திலும் பின்கதவிலும் உள்ள இடுக்குகள் வழியே வாயு வந்துகொண்டே இருக்கும், அதை வெளியே தள்ள வெளிக்காற்று வராது. மணிக்கணக்கில் உள்சுழற்சியிலேயே ஓட்டினால் மூச்சுக் காற்றின் கரியமில வாயுவும் ஏறி ஓட்டுநருக்குத் தூக்கம் வரும். ஏர்கோன் ஃபில்டரில் கரி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அதில் தங்காது. சீட்டுக்கு அடியில் போடும் மூங்கில் கரிப் பையும் அப்படித்தான்.

கோளாறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும்: புகை குழாயிலிருந்து கசியும் இடம் ஒன்று, அது வண்டிக்குள் நுழையும் இடம் இன்னொன்று. பெரும்பாலான வொர்க்‌ஷாப்புகளில் முதலாவதை மட்டும் அடைத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவை எஞ்சினிலிருந்து பின்னோக்கித் தேடுவது நல்லது. எஞ்சின் தலையில் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு விடும் பகுதி) சேரும் இடத்தில், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் ஒன்று இருக்கும். அது எரிந்துபோனாலும், மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட் ஒன்று முறிந்தாலும், காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சீரான சத்தம் கேட்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் சத்தம் குறையும். அதனால்தான் மத்தியானம் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் "ஒன்றுமில்லையே" என்பார்கள். இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் இடம் தெரிந்துவிட்டது.

அடுத்தது வளையும் குழாய். எஞ்சின் ஆட்டத்தைத் தாங்க, பின்னல் கம்பி சுற்றிய துண்டாக அதைப் பொருத்தியிருப்பார்கள். எஞ்சினைத் தாங்கும் மௌண்டிங் ரப்பர் தளர்ந்த பழைய வண்டிகளில் இதுதான் முதலில் கிழியும். மௌண்டிங்கை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே கிழியும். அதற்குப் பின் புகையின் நஞ்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டரின் இணைப்பு, நடு சைலன்சர், கடைசி சைலன்சரின் தையல். குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் புகையின் ஈரம் ஆவியாகாமல் சைலன்சருக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து துருவேறும். வெளியே பளபளப்பாக இருக்கும், கையால் தட்டினால் உள்ளே தகரம் உதிரும் சத்தம் வரும்.

கன்வர்ட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உள்ளே விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதை வெட்டி எடுத்து விற்றுவிட்டு, வெறும் குழாயைப் பற்றவைத்த பழைய வண்டிகள் உண்டு. ஸ்போர்ட்ஸ் சைலன்சர் போட்ட வண்டி என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். நல்ல கன்வர்ட்டர் 250 - 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பின் கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதியை எரித்துவிடும். அது இல்லாத பெட்ரோல் வண்டியின் புகையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ இந்த வாயு இருக்கலாம். 1 சதவீதம் என்றால் 10,000 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதில் மிகச் சிறிய பங்கு உள்ளே வந்தாலே ஆபத்து.

கசிவு தானாகவே நிலைமையை மோசமாக்கும் வழி ஒன்றும் உண்டு. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால், புகையின் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று அந்த வழியே உள்ளே இழுக்கப்படும். எரிபொருள் குறைவாகப் போகிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டு, கூடுதல் பெட்ரோலை ஊற்றும். கூடுதல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு இன்னும் ஏறும். சமீபத்தில் பெட்ரோல் செலவும் கூடியிருந்தால் போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி நுழையும் வழி. எல்லோருக்கும் ஒரே அளவு தலைவலி, ஏர்கோனை வெளிக்காற்றில் வைத்தால் நாற்றம் அதிகம் என்றால் முன்பக்கம்தான் காரணம். பானெட்டுக்குள் கசிந்த புகை முன்கண்ணாடியின் அடியில் உள்ள காற்று வாய் வழியே ஏர்கோனுக்குள் போகிறது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகரத்தில் ஒயர் போகும் ரப்பர் வளையம், ஸ்டியரிங் தண்டின் ரப்பர் உறை, கியர் உறை ஆகியவையும் வழிவிடும். அலாரம், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர் பொருத்தியவர்கள் போட்ட துளையை மூடாமல் விட்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டில் பின்சீட்டில் உட்காருபவர்களுக்கே வலி என்பதால் என் சந்தேகம் பின்பக்கத்தின் மேல். ஓடும் ஹேட்ச்பேக்கின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வால்குழாயின் புகை பின்கதவைச் சுற்றிச் சுழலும். ஒரு ஜன்னலை மட்டும் கொஞ்சமாக இறக்கி வேகமாக ஓட்டினால் உள்ளே அழுத்தம் குறைந்து பின்கதவின் இடுக்கு வழியே புகை உறிஞ்சப்படும். பெரிய சாமானை ஏற்றிப் பின்கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுவது இதனாலேயே கூடாது. கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்: நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. ஒரு கை அகலத்துக்கு ஒரு முறை சுற்றிலும் பாருங்கள். பின்விளக்கின் கேஸ்கெட்டையும், பம்பருக்குப் பின்னால் காற்று வெளியேறும் மடல் ரப்பரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பின்னால் இடிபட்டுத் தட்டியெடுத்த வண்டியில் தகர இணைப்புகளுக்கு சீலண்ட் பூசாமலேயே பெயிண்ட் அடித்திருப்பதும் உண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை கார்கள் நீரில் கிடந்தன என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். தண்ணீரை வடிக்கத் தளத்தின் ரப்பர் அடைப்பான்களைக் கழற்றியவர்கள் திரும்பப் போடாமல் கம்பளத்தை விரித்துவிட்டால், புகைக்குழாய்க்கு நேர் மேலே திறந்த துளைகள் இருக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. தனியார் கார்களுக்கு இங்கே வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பெயர் மாற்றும்போது நடக்கும் சோதனையும் உள்ளே புகை வருகிறதா என்று தேடுவதற்கானது அல்ல. அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

வொர்க்‌ஷாப்பில் "ஆசாப் எக்ஸோஸ் மாசோக் டாலாம் கெரெத்தா" (வண்டிப் புகை காருக்குள் வருகிறது) என்று மலாயில் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். புகை இயந்திரம் வைத்திருக்கும் இடமாக இருந்தால் வால்குழாய் வழியே புகையை ஏற்றச் சொல்லுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எழும்பும். இயந்திரம் இல்லையென்றால், குளிர்ந்த குழாயில் ப்ளோயரால் காற்றை அடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதுவே போதும். பசை பூசி, தகரம் சுற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டிலும் ஆட்டத்திலும் அந்தப் பசை வெடித்துவிடும். குழாயில் துருப்பிடித்த பகுதியை வெட்டி, நல்ல இரும்பு தெரியும் இடத்தில் புதுத் துண்டைப் பற்றவைக்க வேண்டும். மேனிஃபோல்ட் என்றால் அதன் முகத்தைச் சமதளமாகச் சீவி, புதிய கேஸ்கெட், புதிய நட்டு போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். வால்குழாயின் முனை பம்பருக்கு வெளியே வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். மலிவு சைலன்சர் போடும்போது அதைக் குட்டையாக விட்டுவிடுவார்கள், புகை முழுக்க வண்டியின் அடியிலேயே தேங்கும்.

நாற்றம் போனதை வைத்து வேலை முடிந்தது என்று எடுக்காதீர்கள். பிபிஎம் எண்ணைத் திரையில் காட்டும் கையடக்க மீட்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டுக்கு வாங்கும் அலாரம் இதற்குப் பற்றாது: ஐரோப்பிய இஎன் 50291 தரத்தில் 50 பிபிஎம் இருந்தால்கூட அது 60 முதல் 90 நிமிடம் கழித்துத்தான் கத்தும். மீட்டரைத் திறந்தவெளியில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பின்சீட்டில் மகளின் தலை உயரத்தில் வையுங்கள். திறந்த இடத்தில் நிறுத்தி 15 நிமிடம் வெளிக்காற்றிலும், 15 நிமிடம் உள்சுழற்சியிலும் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி வழியே வெளியிலிருந்து எண்ணைப் பாருங்கள். பிறகு துணைக்கு ஒருவரை உட்கார வைத்து 80 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு மேட்டிலும் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் இழுக்கும்போதுதான் சிறு கசிவு பெரிதாகும். ஹேண்ட் சானிடைசரும் வாசனை ஸ்பிரேயும் மீட்டரை ஏமாற்றும், அன்றைக்கு அவற்றைத் தொடாதீர்கள். வெயிலில் நிறுத்தும் காரில் மீட்டரை விட்டுப் போகாதீர்கள், இந்த ஊர்ச் சூட்டில் சென்சார் கெட்டுவிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு ஏறத்தாழ 9 பிபிஎம், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30. ஜேமில் மற்ற வண்டிகளின் புகையாலேயே சில பிபிஎம் ஏறி இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். காலியான சாலையில் எண் ஏறிக்கொண்டே போய் 9-ஐத் தாண்டி நின்றால் வொர்க்‌ஷாப்புக்குத் திரும்புங்கள். 30-ஐத் தொட்டால் கண்ணாடிகளை இறக்கி ஓரம் கட்டி இறங்குங்கள்.

யாராவது மயங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி எடுத்தாலோ எஞ்சினை அணைத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து, ஆட்களைத் தள்ளிக் கொண்டுபோய் 999-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள். காரில் கார்பன் மோனாக்சைடு என்ற சந்தேகத்தை ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த வாயு ஒட்டிய இரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள இரத்தம் என்றே காட்டும், அதில் 98 சதவீதம் வந்தால் நம்பிவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

பினாங்குப் பயணத்தில் ஓட்டுவதைவிடத் தூங்குவதில்தான் எனக்குக் கவலை. பிளஸ் நெடுஞ்சாலையில் தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ உள்ள ஓய்விடத்தில் நள்ளிரவில் நிறுத்தி, கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் இங்கே மிகச் சாதாரணம். ஓடும் வண்டியில் அடித்துப் போகும் புகை, காற்றில்லாத இடத்தில் நிற்கும் வண்டியைச் சுற்றித் தேங்கும். பின்னால் சுவரோ புல்மேடோ இருந்தால் அப்படியே திரும்பி வரும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டியின் புகையும் சேரும். தூங்குபவருக்குத் தலைவலி தெரியாது. பழுது பார்த்த பிறகும், புது வண்டியே ஆனாலும், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கண்ணாடிகளை இறக்கி, கொசுவலைத் துணியை மாட்டிப் படுங்கள். புழுக்கம் தாங்காவிட்டால் ஈப்போவில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

மீட்டரில் வரும் எண்ணையும், எந்தச் சோதனையில் வந்தது என்பதையும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.