தட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: 1868-ல் ஊட்டியில் குடியிருக்கும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். ஒரு விருந்துக் காட்சியில் துரைசானி தன் பாட்டி கொடுத்த பீங்கான் செட்டை வெளியே எடுக்கிறாள். 'ஓல்டு கன்ட்ரி ரோசஸ்' என்ற ரோஜாப்பூ டிசைன் பழமையாக, அழகாக இருக்கிறது. அதையே எழுதிவிடலாமா சார்?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம்மா, பேரைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். ராயல் ஆல்பர்ட் என்ற இங்கிலாந்துப் பீங்கான் கம்பெனி அந்த டிசைனை வெளியிட்டது 1962-ல்.

பாட்டி கொடுத்தது என்றால் 1810-களுக்குப் போங்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் ஊரில் ஜோசையா ஸ்போடு என்ற பீங்கான் தயாரிப்பாளர் 1784 வாக்கிலேயே நீலச் சித்திர அச்சைக் கைவசப்படுத்திவிட்டார்: செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து, சுட்ட தட்டின்மேல் ஒற்றி, அதற்குப் பிறகுதான் மெருகுப் பூச்சு. கையால் வரைவதைவிட மலிவு என்பதால் நடுத்தர வீடுகளுக்கும் நீலத் தட்டு வந்துவிட்டது. சீன பாணியில் மரமும் பாலமும் வரும் வில்லோ டிசைனையோ 1816-ல் வந்த 'புளூ இத்தாலியன்' டிசைனையோ தைரியமாக எழுதலாம். ஆனால் நானாக இருந்தால் ஸ்போடின் 'இந்தியன் ஸ்போர்ட்டிங்' வரிசையைத்தான் எடுப்பேன். 1815 வாக்கில் வந்தது, தட்டு முழுக்க நம் ஊர் வேட்டைக் காட்சிகள், சாப்பாட்டுத் தட்டில் கரடி சாகிற படம்! இங்கிலாந்தில் அச்சடித்த இந்தியக் காட்டை இந்தியாவுக்கே கொண்டுவந்து அதில் சாப்பிடுகிறார்கள், இதைவிட நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. இந்த நீலத் தட்டுகள் பெரும்பாலும் மண்பாண்ட வகை, போன் சைனா அல்ல. போன் சைனாவில் மாட்டெலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி இருக்கும், விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும், மண்பாண்டத் தட்டில் தெரியாது. ஆகவே அந்தக் காட்சியில் விரல் நிழலைப் பற்றி உருகி உருகி எழுதிவிடாதீர்கள்.

பழைய சாமான் கடைக்குப் போனால் முதலில் தட்டைத் திருப்புங்கள். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள், அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. வெறும் 'இங்கிலாந்து' என்று பரவலாகப் போட ஆரம்பித்ததே 1891-ல், அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்குப் பயந்து. வைர வடிவ முத்திரை இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவான டிசைன், ஆனால் அந்தத் தேதி டிசைனைப் பதிவுசெய்த தேதிதான், தட்டைச் செய்தது அதற்குப் பின்னாலும் இருக்கலாம். படங்களுக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் இணையத் தொகுப்பைப் பாருங்கள், இலவசம்தான்.

அப்புறம், 1868-ல் சூயஸ் கால்வாய் திறக்கவில்லை, மலை ரயிலும் இல்லை. அவ்வளவு தூரம் வந்த செட்டில் ஒரு தட்டாவது உடைந்திருக்காதா? அந்தக் காலத்தில் அதைத் தூக்கி எறியமாட்டார்கள், ஓட்டை போட்டு உலோகக் கொக்கியால் தைத்து வைத்துக்கொள்வார்கள். தையல் போட்ட அந்தத் தட்டை உங்கள் துரைசானி எந்த விருந்தாளிக்கு வைக்கிறாள் என்று முடிவு செய்யுங்கள்.