‘சும்மா வீட்டில’ என்றால் என்ன வேலை? – கேள்வி பதில்

பதில் சொல்பவர்: தொழிற்படைக் கணக்கெடுப்புக்கு மட்டக்களப்பில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பி ஓய்வுபெற்ற புள்ளிவிபர உத்தியோகத்தர்.

களுவாஞ்சிகுடி வாசகி: கணக்கெடுக்க வந்த தம்பிக்கிட்ட ‘சும்மா வீட்டில’ எண்டு சொல்லிட்டன். அப்ப நான் வேலையில்லாத ஆளா?

இல்லை தங்கச்சி. வேலை தேடித் திரிகிறவர்தான் வேலையற்றவர். வேலையும் செய்யாமல், தேடாமலும் இருந்தால் நீங்கள் ‘தொழிற்படைக்கு வெளியே’. ஆனால் போன கிழமை ஒரு மணித்தியாலம் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்திருந்தாலோ, புருசனின் கடையில் சம்பளமில்லாமல் நின்றிருந்தாலோ நீங்கள் தொழில் செய்கிறவர். கன பேர் அதைச் சொல்வதேயில்லை.

திருக்கோவில் வாசகர்: வயல் வேலை நாட்டுக் கணக்கில வருமாம், சமையல் வராதாம். உண்மையா?

உண்மை. வெள்ளாமை நெல்லை விற்காமல் வீட்டுக்கு வைத்தாலும் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது நாட்டின் மொத்த விளைச்சல் கணக்கில், சேரும். அதை அவித்துக் குத்தினாலும் சேரும். பன்பாய் இழைத்து நீங்களே படுத்தாலும் விதிப்படி சேர வேண்டும். அரிசியை உலையில் போட்டதோடு கணக்கு நின்றுவிடும்! சொந்த வீட்டுக்குச் செய்யும் பொருள் உண்டு, சேவை இல்லை என்பது ஐக்கிய நாடுகளின் தேசியக் கணக்கு விதி. சமையல், கூட்டுதல், பிள்ளை பார்ப்பது, படுக்கையில் கிடக்கும் மாமியைக் குளிப்பாட்டுவது எல்லாம் சேவைக்குள் போய்விடும். சந்தையில் விற்காததற்கு விலை போடுவது கடினம் என்பார்கள். எனக்கு அது சரிவரவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் குவைத்துக்குப் போய் அதே சோற்றை ஆக்கி, அதே மாதிரிப் பிள்ளை பார்த்தால் சம்பளம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி. இங்கே அவளுடைய பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவுக்குப் படிவத்தில் ஒரு கோடு.

காத்தான்குடி வாசகர்: மனைவியின் வேலைக்குச் சம்பளம் போட்டுப் பார்க்க ஏலுமா?

ஏலும். ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்கள் என்று பார்க்கலாம். அவ வெளியே வேலைக்குப் போனால் என்ன உழைப்பா என்றும் பார்க்கலாம். இரண்டாவதில் வில்லங்கம்: பட்டதாரி ஆக்கிய சோறு ஒரு விலை, எட்டாம் வகுப்புக்காரி ஆக்கியது இன்னொரு விலை. நான் முதலாவதைத்தான் எடுப்பேன். கறி கொதிக்கக் கொதிக்கப் பிள்ளைக்குப் பாடம் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கூட்டின தொகையை அவவிடம் காட்ட முதல் யோசியுங்கள், நிலுவை கேட்பா.

ஏறாவூர் வாசகி: எங்களுக்கு ஈ.பி.எப். இல்லையா?

இல்லை. சம்பளத்தில் முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம் போடும் ஊழியர் சேமலாப நிதி அது. புருசன் தன்னை முதலாளி என்று நினைத்தாலும் சட்டம் அப்படி எடுக்காது.

கல்லடி வாசகர்: எங்கட பக்கம் வீடு பெண்ணுக்குத்தானே சீதனம். மறுகா என்ன குறை?

அது தாய் தகப்பன் கொடுத்தது, அவளுடைய உழைப்புக்குக் கூலி இல்லை. கலியாணத்துக்குப் பிறகு கட்டார்க் காசில் வாங்கிய காணி யாருடைய பெயரில் இருக்கிறது? 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், சவூதியில் உழைத்த கணவன் வாங்கிய சில சொத்துகளில், வீட்டைப் பார்த்த மனைவிக்கும் சரிபாதி உண்டு என்றது. இந்தியத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அடுத்த காணி வாங்கும்போது உறுதியில் இரண்டு பேரின் பெயரையும் எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். அதற்குத் தீர்ப்புத் தேவையில்லை.