ஜெல்லில் பேண்ட் சுத்தம், டிஎன்ஏவை மட்டும் பிடிக்கவில்லை

ஆய்வு மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஈ. கோலி பாக்டீரியாவில் தயாரித்த மனித பி53 (டிஎன்ஏவைப் பிடித்துப் புற்றுநோயைத் தடுக்கும் புரதம்) வாங்கினோம். டேக் (பிரித்தெடுக்க வசதியாக ஒட்டும் கூடுதல் துண்டு) எதுவும் இல்லை, தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்கிறது சான்றிதழ். ஜெல்லில் ஒரே பேண்ட்தான். ஆனால் 43.7 கிலோ டால்டனில் வர வேண்டியது 53 பக்கம் நிற்கிறது. எம்சா (புரதம் பிடித்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக ஓடி மேலே நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தால் டிஎன்ஏ பேண்ட் மேலே ஏறவே இல்லை. வேறு எதையோ கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?"

எடையைப் பற்றிய கவலையை விடுங்கள். 1979இல் இந்தப் புரதம் தெரியவந்தபோதும் ஜெல்லில் அங்கேதான் நின்றது, பெயரும் அதனால்தான் வந்தது. புரோலின் நிறைந்த பகுதி ஒன்று இருப்பதால் ஜெல்லில் மெதுவாக ஓடுகிறது. உங்கள் குப்பியில் இருப்பது பெரும்பாலும் பி53தான். அது வேலை செய்யும் வடிவில் மடிந்த நிலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தூய்மை பார்க்கும் அந்த ஜெல்லில் ஏற்றும் முன் புரதத்தைக் கொதிக்க வைத்து, எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைச் சேர்த்து முழுவதுமாக விரித்துவிடுகிறோம். அப்புறம் அதன் வடிவத்தைப் பற்றி ஜெல் என்ன சொல்லிவிட முடியும்? அவித்த முட்டையும் நூறு சதவீதம் முட்டைதான், குஞ்சுதான் பொரிக்காது. ஆனாலும் தூய்மைச் சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

தயாரிப்புத் தாளில் 'பயன்பாடு' என்ற இடத்தைப் பாருங்கள். வெஸ்டர்ன் பிளாட், எலைசா (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் சோதனைகள்) என்று மட்டும் இருந்தால், ஆன்டிபாடியைச் சோதிப்பதற்காக விற்கும் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவைப் பிடிக்கும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. புரதம் கரைந்துள்ள பஃபரில் யூரியா இருந்தால் அது விரிந்த புரதம்தான், சந்தேகமே வேண்டாம். 1 முதல் 393 வரை எல்லா அமினோ அமிலமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். துண்டுப் புரதத்தையும் 'பி53' என்றே விற்பார்கள். டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி ஏறத்தாழ 94 முதல் 292 வரை. அது இல்லாத துண்டை வைத்துக்கொண்டு எம்சா செய்வது வீண்.

இதைவிட எரிச்சல் தருபவர்கள் நடுவில் நிற்கும் டீலர்கள். எங்கோ வாங்கிய குப்பியில் தங்கள் லேபிளை ஒட்டி, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் மாற்றிவிடுவார்கள். கேட்டால் "எல்லாம் ஒரே பி53தான் மேடம்" என்பார்கள். அப்படிச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். உண்மையான தயாரிப்பாளர் யார், அவர்களுடைய லாட் எண் என்ன, அந்த லாட்டிலேயே டிஎன்ஏ பிணைப்புச் சோதனை செய்தார்களா, உறைந்த நிலை குலையாமல் வந்து சேர்ந்ததா, இவை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் கொள்முதல் குழு மூன்று விலைப்புள்ளிகளைப் பக்கத்தில் வைத்து, பெயரையும் மைக்ரோகிராமையும் மட்டும் ஒப்பிட்டு, மலிவானதில் கையெழுத்துப் போட்டுவிடும். புரதம் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டத்தில் உட்கார வைக்க அவர்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். பி53 டிஎன்ஏவைப் பிடிக்க ஒரு துத்தநாக அணு வேண்டும். 176, 238, 242ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன், 179இல் உள்ள ஹிஸ்டிடின் ஆகிய அமினோ அமிலங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. உலோக அணுக்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ அந்தத் துத்தநாகத்தைப் பறித்துவிடும், ஆகவே பிணைப்பு பஃபரில் அது வேண்டாம். இதைப் படித்ததும் "எம்சா ஜெல்லை ஓட்டும் டிபிஈ பஃபரிலும் ஈடிடிஏ இருக்கிறதே" என்று அடுத்த கடிதம் வரும். அது விதிவிலக்கு. டிஎன்ஏவோடு சேர்ந்துவிட்ட புரதத்தைக் குளிரில், கொஞ்ச நேரம் ஓட்டும்போது அந்த ஈடிடிஏ அவ்வளவாகக் கெடுக்காது. டிபிஈயில் ஓட்டிப் பலரும் நல்ல முடிவு பார்த்திருக்கிறார்கள். புரதத்தைத் தனியாக, வெதுவெதுப்பில், ஈடிடிஏவோடு காக்க வைப்பதுதான் ஆபத்து. அதற்காகத் துத்தநாக உப்பை அள்ளிக் கொட்டவும் வேண்டாம், அதிகமானால் புரதம் திரண்டுவிடும்.

37 டிகிரியில் வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். டிஎன்ஏ இல்லாத பி53இன் மையப்பகுதி அந்த வெப்பத்தில் நிமிடக் கணக்கில் குலைய ஆரம்பிக்கும். ஐஸிலோ அறை வெப்பநிலையிலோ செய்யுங்கள். சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் டிடிடி புதிதாகக் கரைத்ததாக இருக்கட்டும். குப்பியைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், ஒருமுறை உருகியதை மறுபடி உறைய விடாதீர்கள்.

அதன் பிறகும் டிஎன்ஏ பேண்ட் ஏறவில்லையா? பிஏபி421 என்ற ஆன்டிபாடியைச் சேர்த்துப் பாருங்கள். முழுநீள பி53இன் வால்பகுதி, குட்டை டிஎன்ஏவைப் பிடிக்க விடாமல் தடுப்பதுண்டு. இந்த ஆன்டிபாடி அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். சேர்த்ததும் பேண்ட் மேலே தெரிந்தால் புரதம் உயிரோடுதான் இருக்கிறது. அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் பிஏபி1620 என்ற ஆன்டிபாடியை வைத்து இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்துப் பிரித்தெடுப்பது) செய்யுங்கள். அது சரியாக மடிந்த பி53ஐ மட்டுமே அடையாளம் காணும், அதனால் விரித்த புரதத்தைப் பார்க்கும் வெஸ்டர்னில் போட்டுப் பயனில்லை. அதிலும் வராவிட்டால் அந்த முடிவோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் குப்பியை எறிய வேண்டாம், வெஸ்டர்ன் பிளாட்டுக்குக் கன்ட்ரோலாக உதவும்.