பிராங்கோஸ்கோப்பியில் திசு எடுக்கும் முறைகள்: கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையின் நுரையீரல் ஓரத்தில் 2 செ.மீ. கட்டி இருப்பதாக சி.டி. ஸ்கேன் சொல்கிறது. பிராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறையில்) எடுத்த திசுவில் புற்றுநோய் இல்லை என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம். மூச்சுக்குழாய் மரம்போலக் கிளைவிட்டு மெலிந்துகொண்டே போவதால், கருவி ஓரளவுக்கு மேல் உள்ளே செல்லாது. ஓரத்துக் கட்டி மருத்துவரின் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்ரே திரையையோ, குழாய்க்குள் செலுத்தப்படும் மெல்லிய அல்ட்ராசவுண்ட் கருவியையோ துணைகொண்டுதான் திசுவைக் கிள்ளி எடுக்கும் இடுக்கியை அங்கே கொண்டுசெல்ல வேண்டும். அறிக்கையில் "இயல்பான மூச்சுக்குழாய்ச் சவ்வு" என்று மட்டும் இருந்தால், இடுக்கி கட்டியைத் தொடாமலே திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம். காசநோய் போன்ற வேறொரு காரணம் உறுதியாகச் சொல்லப்பட்டிருந்தால் நிலைமை வேறு. இல்லையேல், சி.டி. வழிகாட்டுதலில் நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி செலுத்தி எடுப்பது பற்றிக் கேளுங்கள். அதில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் அபாயம் சற்றுக் கூடுதல் என்றாலும், ஓரக் கட்டிகளில் விடை கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல்.

கேள்வி: ஒரே அமர்வில் இடுக்கி, பிரஷ், கழுவுநீர் என மூன்றும் எதற்கு?

பதில்: இடுக்கி திசுத் துணுக்கைத் தருகிறது, மற்ற இரண்டும், அதாவது பிரஷால் தேய்ப்பதும் நீர் செலுத்தி உறிஞ்சி எடுப்பதும், உதிர்ந்த செல்களைத் தருகின்றன. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கலாம். குழாய்க்குள் கண்ணெதிரே தெரியும் கட்டியில் மூன்று முதல் ஐந்து துணுக்குகளாவது எடுப்பது வழக்கம். மேற்பரப்பு அழுகியிருந்தால் இறந்த திசு மட்டுமே வரும் என்பதால், ஓரிடத்தில் கிள்ளிவிட்டு நிறுத்தக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்குக் கட்டி இருப்பது வலது நுரையீரலில். நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) ஊசி போட்டு எடுத்தார்களே, ஏன்?

பதில்: அது மிகச் சரியான முடிவாகவே தோன்றுகிறது. இபஸ் என்னும் இம்முறையில் கருவியின் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்ட், குழாய்ச் சுவருக்கு அப்பால் இருக்கும் நெறிக்கட்டியையும் அருகிலுள்ள ரத்தக்குழாய்களையும் திரையில் காட்ட, மருத்துவர் பார்த்துக்கொண்டே 21 அல்லது 22 கேஜ் ஊசியைச் சுவர் வழியாகச் செலுத்தி, முடிச்சுக்குள் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்திச் செல்களைச் சேகரிப்பார். நோய் இருக்கிறதா என்பதும், நெறிக்கட்டிகளுக்குப் பரவி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஒரே அமர்வில் தெரிந்துவிடக்கூடும். வரிசையும் முக்கியம்: கட்டிக்கு எதிர்ப்பக்கத்து முடிச்சு முதலில், பிறகு நடுமார்பு, கடைசியில் கட்டியை ஒட்டியது. இதைத் தலைகீழாகச் செய்தால் ஊசியில் ஒட்டிய புற்றுநோய்ச் செல் நோயற்ற முடிச்சின் மாதிரியில் கலந்து, அறுவை சிகிச்சைக்கு ஏற்றவரை ஏற்றவரல்லர் என்று காட்டிவிடலாம்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

பதில்: திசு எடுப்பதாக இருந்தால் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: புற்றுநோய் உறுதியான பிறகும் மீண்டும் திசு கேட்கிறார்கள். முதல் தடவையே சரியாக எடுக்கவில்லையா?

பதில்: நோயின் பெயரைச் சொல்லச் சில செல்கள் போதும், ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுச் சோதனைகளுக்கும் பி.டி.-எல்1 என்னும் புரதத்துக்கான சோதனைக்கும் அவை போதாது. மாத்திரையா, நோயெதிர்ப்புச் சிகிச்சையா என்பதை இச்சோதனைகள்தாம் தீர்மானிக்கின்றன. எனவே, "மரபணுச் சோதனைக்கும் சேர்த்து எடுப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேட்பதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துகிறேன். மறுமுறை எடுக்க உடல்நிலை இடம்தராவிட்டால், ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதிக்கலாம், ஆனால் அதில் மரபணு மாற்றம் தென்படாததை மட்டும் வைத்து, மாற்றமே இல்லை என்று முடிவுகட்ட இயலாது.