பூச்சிக் குளிசை குடித்தும் அம்மாவுக்குக் கொளுக்கிப் புழு திரும்ப வந்துவிட்டது. இனிச் செருப்புப் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. உங்கள் கேள்வியை வாசித்தபோது எனக்கு உள்ளூரச் சுட்டது. பத்து வருடங்களுக்கு முன்னர் இதே கேள்வியோடு நானும் நின்றேன். அதுவும் ஒரு விஞ்ஞான ஆசிரியனாக இருந்துகொண்டு. நான் வைத்தியன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடும் கிணறும் வாழையும் வேலியோரப் பற்றையும் உள்ள வளவாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம். அம்மாவுக்கு அப்போது அறுபது கடந்திருந்தது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் குசினிக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார், வயதாகிவிட்டது என்றோம். அரிசி புடைக்கும்போது சுளகிலிருந்து ஒரு பிடியை எடுத்து முந்தானையில் முடிந்துவைத்து, பகல் முழுவதும் பச்சையாகவே மென்றுகொண்டிருப்பார், பழக்கம் என்றோம். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்குப் பச்சை அரிசி, மண் போன்றவற்றில் இப்படியோர் ஆசை பிறக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைத்தியர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பே இல்லை, தேங்காய்ப்பூப் போல வெளிறிக் கிடந்தது. மலப் பரிசோதனையில் கொளுக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன.

இந்தப் புழு ஒரு சென்ரிமீற்றர் அளவே நீளமானது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். நெக்கேற்றர் என்ற இனத்துப் புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் இரத்தம் போகும் என்றால் அற்பமாகத் தோன்றும். நூறு புழுக்கள் இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலீற்றர் என்று கணக்குப் பார்த்தபோதுதான், முருங்கைக் கீரையும் மீனும் கொடுத்து அம்மாவைத் தேற்ற முயன்ற எங்கள் பேதைமை விளங்கியது.

வைத்தியர் சொன்னபடி அல்பெண்டசோல் என்ற பூச்சிக் குளிசையை 400 மில்லிகிராம் ஒரே தடவையில் கொடுத்து, இரும்புச்சத்துக் குளிசையையும் மாதக்கணக்கில் கொடுத்தோம். முகம் தெளிந்தது. நான் செருப்பும் வாங்கிக் கொடுத்து, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அடுத்த மாரி கழிந்து சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டுக்குப் போனபோது, அம்மாவின் முந்தானையில் மறுபடியும் அந்த முடிச்சு இருந்தது. செருப்பு வேலிக் கதியாலில் தொங்கியது. சேற்றில் புதைந்து வழுக்குகிறது என்றார்.

ஆனால் குற்றம் செருப்பில் இல்லை. திட்டமொன்றில் கட்டித் தந்த மலசலகூடம் வளவின் பள்ளமான மூலையில் இருந்தது. சாமான் இறக்க வசதி என்று அந்த இடத்தைத் திட்டக்காரர்களே தெரிவு செய்தார்கள். மாரியில் நிலத்தடி நீர் எங்கே ஏறும் என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திறப்பு விழாப் படத்துக்கு மட்டும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். மார்கழியில் குழி நிரம்பி, ஊற்றிய தண்ணீர் மேலே திரும்பி வரும். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு எங்கள் வீட்டாரும் பக்கத்து வளவுப் பிள்ளைகளும் வாழைகளுக்குப் பின்னால்தான் போனார்கள். அதே வாழைகளுக்கடியில்தான் அம்மா காலையில் வெறுங்காலோடு நின்று, வெறுங்கையால் சருகு அள்ளினார்.

இப்புழு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகத் தொற்றுவதில்லை, புதிய மலமும் உடனே தொற்றாது. மலத்தோடு வெளியேறும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, ஐந்து முதல் பத்து நாட்களில் தோலைத் துளைக்கவல்ல இளம் புழுவாக, அதாவது குடம்பியாகி, மண்ணின் மேற்பரப்பிலும் புல்லின் ஈரத்திலும் மூன்று நான்கு வாரங்கள் காத்திருக்கும். தோலினூடாக இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகும். 1890களின் பிற்பகுதியில் லூஸ் என்ற ஆய்வாளர் எகிப்தில் குடம்பிகள் கலந்த நீரைத் தற்செயலாகத் தம் கையில் சிந்தி, தோல் சிவந்து அரித்த பின்னர், காலப்போக்கில் தம் மலத்திலேயே முட்டைகளைக் கண்டதால்தான் இந்த வழி தெரியவந்தது. கையினூடாகவும் அது நுழையும் என்பதால், செருப்பை மட்டும் நம்ப முடியாது.

வயலுக்குச் செருப்போடு இறங்கச் சொல்கிறான் என்று யாரும் என்னைத் திட்ட வேண்டாம். தண்ணீர் தேங்கிய களிமண் அந்த முட்டைக்கு ஒவ்வாது. அதற்கு வாய்ப்பானது நிழலான, ஈரமான மணற்பாங்கு நிலம். எங்கள் ஊராரை ஊத்தை என்கிறேன் என்றும் எண்ண வேண்டாம். அம்மாவைவிடச் சுத்தம் பார்த்த ஒருவரை நான் கண்டதில்லை. 1916இல் றொக்கபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் இப்புழுவுக்கு எதிரான இயக்கம் தொடங்கியபோதும், மருந்து குடித்தவர்கள் மலசலகூடம் இல்லாத லயங்களுக்கே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே, திரும்பிப் போனதால் தொற்றும் திரும்பி வந்தது.

நாங்கள் வளவின் மேட்டுப் பக்கத்தில், கிணற்றுக்குத் தூரமாக, கிறவல் மண் கொட்டி இன்னும் உயர்த்தி, கொங்கிறீற்று வளையங்களை இறக்கிப் புதிய குழி கட்டினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து குடித்தோம்; உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கிளினிக்கில் கேளாமல் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் மலசலகூடத்துக்கே வரலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு அதில் முதலில் விருப்பம் இருக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பழைய இடத்தில் பற்றையை வெட்டி, வாழைச் சருகை மண்வெட்டியால் வாரி, வெயில் படும்படி விட்டோம். வெயிலில் காய்ந்த மண்ணில் குடம்பி நிலைக்காது. நீங்கள் அதைச் செய்யும்போது சப்பாத்தும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.